மெய் 84, உயிர் 2

1992 அக்டோபரில் ஒரு நாள் ஓலே ஸ்டிக் ஆன்டர்சன் என்ற டென்மார்க்காரர், துருக்கியில் மார்மரா கடலுக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. உபிக் மொழி பேசத் தெரிந்த கடைசி மனிதரான தெவ்ஃபிக் எசென்ச்சை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்று போனார். பெரியவர் சில மணி நேரத்துக்கு முன்புதான் இறந்துபோனார் என்று ஊரில் சொன்னார்கள். அன்றைக்கே அடக்கமும் நடந்தது.

அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 1974 டிசம்பர் 27 அன்று, அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கிடக்கும் மேன் தீவில் நெட் மட்ரல் என்ற முதிய மீனவர் 97 வயதில் காலமானார். தீவின் சொந்த மொழியான மாங்ஸைச் சிறுவயதில் வீட்டுப் பேச்சாகவே கற்றவர்களில் அவர்தான் கடைசி.

2009இல் யுனெஸ்கோ வெளியிட்ட அழியும் மொழிகளின் வரைபடத்தில் இந்த இரண்டு மொழிகளுக்கும் ஒரே குறிப்புதான் இருந்தது: அழிந்துவிட்டது. ஒன்றுக்கு 1974, மற்றொன்றுக்கு 1992. வரைபடம் தயாரித்தவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களிடம் இருந்த அளவுகோலை ஒழுங்காகத்தான் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் இன்று மாங்ஸ் ஓரளவாவது தெரிந்தவர்கள் மேன் தீவில் 2,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள், பிள்ளைகள் அந்த மொழியில் கணக்குப் படிக்கிறார்கள். உபிக் மொழியைக் கேட்க வேண்டுமானால் ஒலிப்பதிவைத்தான் ஓடவிட வேண்டும். ஒரே சொல்லால் குறிக்கப்பட்ட இரண்டு சாவுகள் இவ்வளவு வேறுபட்டுப் போனது எப்படி என்ற கேள்வி என்னை நெடுநாளாக விடவில்லை. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் உபிக் எப்படிப்பட்ட மொழி என்று சொல்லிவிட வேண்டும். நமக்கு மெய் 18, உயிர் 12. உபிக்கில் மெய்யொலிகள் 84. அதில் நான்கு கடன் சொற்களில் மட்டும் வருபவை. உயிரொலிகளோ 2தான், சிலர் கணக்கில் 3. நாம் 'க்' என்று ஓரிடத்தில் எழுப்பும் ஒலியை அவர்கள் அடிநாக்கை முன்னும் பின்னும் நகர்த்தி, உதட்டைக் குவித்தும் குவிக்காமலும், தொண்டையை இறுக்கியும் தளர்த்தியும் வகைவகையாகப் பிரித்தார்கள். வினைச்சொல்லும் அப்படித்தான். யார், யாருக்கு, எதை, யாருக்காக என்பதெல்லாம் ஒரே வினைக்குள் முன்னொட்டுகளாக அடுக்கி நிற்கும். மொழியியல் மாணவர்களுக்கு உபிக் என்ற பெயரே ஒரு சிலிர்ப்பு.

இவ்வளவு கடினமாக இருந்ததால்தான் அழிந்தது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. உபிக்கின் உறவு மொழியான அப்காஸில் 58 மெய்யொலிகள் இருக்கின்றன. அது இன்றும் பள்ளியிலும் கடைத்தெருவிலும் ஒலிக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தத் தாய்மொழியும் கடினமில்லை. மொழி அழிவுக்கு இலக்கணத்தில் காரணம் தேடுவது, பட்டினியால் இறந்தவரின் வயிற்றைக் குறை சொல்வது போல.

காரணம் 1864இல் இருக்கிறது. இன்றைய சோச்சி நகரைச் சுற்றிய கருங்கடல் கரையும் அதன் பின்னால் உள்ள மலைச்சரிவும் உபிக்குகளின் மண். பல பத்தாண்டுகள் நீண்ட காகேசியப் போரை ரஷ்யப் பேரரசு அந்த ஆண்டு முடித்து, வெற்றி அணிவகுப்பை அங்கேயே ஒரு மலைச் சமவெளியில் நடத்தியது. இப்போது கிராஸ்னயா பொல்யானா என்று பெயர் பெற்றுள்ள அந்த இடத்தில்தான் 2014 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்தன. தோற்ற உபிக் இனம் ஏறத்தாழ முழுதாகவே கப்பலேறி உதுமானியப் பேரரசுக்குப் போனது. கடலிலும் கரையிலும் நோயால் மடிந்தவர்கள் போக, மிஞ்சியவர்கள் அனதோலியாவில் சிதறிக் குடியேறினார்கள். சுற்றிலும் அண்டை இனமான சர்க்காசியரின் ஊர்கள். உபிக்குகளுக்குச் சர்க்காசிய மொழி முன்பே பழக்கம். பெண் எடுத்ததும் கொடுத்ததும் அவர்களோடுதான். அடுத்த தலைமுறை சர்க்காசியம் பேசியது. அதற்கடுத்தது துருக்கியம். 1928இல் துருக்கி நகரங்களில் 'குடிமகனே, துருக்கியத்தில் பேசு' என்ற இயக்கம் கிளம்பியபோது, வெளியிடங்களில் வேறு மொழி பேசுவதே குற்றம் போல ஆயிற்று. உபிக் அப்போது ஒருசில ஊர்த் திண்ணைகளில் கிழவர்களின் பேச்சாகச் சுருங்கியிருந்தது.

மேன் தீவில் யாரையும் கப்பலேற்றவில்லை. அங்கே மொழி மெல்லத் தேய்ந்தது. 1765இல் பிரிட்டிஷ் அரசு தீவின் உரிமையை விலைக்கு வாங்கிக் கடத்தல் வணிகத்தை முடக்கியதும் பிழைப்பு போயிற்று, ஆட்கள் வெளியேறினார்கள். பிறகு நீராவிக் கப்பல்கள் வந்தன. லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் கோடை விடுமுறைக்குக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். ஆங்கிலம் தெரிந்தவனுக்குக் காசு கிடைத்தது. மாங்ஸைக் கொண்டு ஒரு பென்னிகூடச் சம்பாதிக்க முடியாது என்ற பேச்சு அந்தக் காலத்துப் பெற்றோர் வாயில் புழங்கியிருக்கிறது. இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு அந்தப் பேச்சின் தொனியை விளக்க வேண்டியதில்லை.

1874இல் ஹென்றி ஜென்னர் என்பவர் ஒவ்வொரு திருச்சபைப் பகுதியின் பாதிரியாருக்கும் கடிதம் எழுதி, உங்கள் பகுதியில் எத்தனை பேர் மாங்ஸ் பேசுகிறார்கள், பிள்ளைகள் பேசுகிறார்களா என்று கேட்டார். தலைநகர் டக்ளஸைத் தவிர்த்துச் சுமார் 12,000 பேர் என்று கணக்கு வந்தது. அதன்பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்ன எண்கள்: 1901இல் 4,419, 1931இல் 529, 1961இல் 165. அந்த 165 பேரிலும் பெரும்பாலோர் படித்துக் கற்றவர்கள்.

ஜென்னர் கேட்ட இரண்டாவது கேள்விதான் இன்றைக்கும் அடிப்படைக் கேள்வி. 2003இல் யுனெஸ்கோ கூட்டிய அறிஞர் குழு, ஒரு மொழியின் நலத்தை அளக்க ஒன்பது காரணிகளை வகுத்தது. பேசுவோர் எண்ணிக்கை, பள்ளியிலும் ஊடகத்திலும் இடம், அரசின் போக்கு, பேசுபவர்களே தங்கள் மொழியை மதிக்கிறார்களா என்பது, ஆவணங்களின் தரம் எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது, மூத்த தலைமுறையிடமிருந்து பிள்ளைகளுக்கு மொழி கைமாறுகிறதா என்பது. எல்லாப் பிள்ளைகளும் பேசினால் கவலையில்லை. வீட்டுக்குள் மட்டும் பேசினால் நலிவு தொடங்கிவிட்டது. பெற்றோர் பேசியும் பிள்ளைகள் கற்கவில்லை என்றால் ஆபத்து. தாத்தா பாட்டி மட்டும் பேசினால் கடும் ஆபத்து. அவர்களும் அரைகுறையாக, எப்போதாவது பேசினால் மிகக் கடும் ஆபத்து என்ற கடைசிப்படி. ஒரு கோடிப் பேர் பேசும் மொழியும் இந்தக் கேள்வியில் தோற்கலாம். ஆயிரம் பேர் பேசும் மொழி தேறலாம்.

நெட் மட்ரலும் தெவ்ஃபிக் எசென்ச்சும் கடைசிப் பேச்சாளர்கள் ஆனதற்கே இந்தக் கைமாறல் கதைதான் காரணம். 1904இல் பிறந்த எசென்ச்சை வளர்த்தவர்கள் உபிக் பேசிய தாத்தாவும் பாட்டியும். 1877இல் பிறந்த மட்ரலை வளர்த்தவர் பாட்டி முறையாகும் ஓர் உறவினர். தீவின் தென்முனையில் கிரெக்னாஷ் என்ற குன்றின் மேல் ஊரில், கூரைவேய்ந்த கல் வீடு. அந்தக் கிழவிக்கு ஆங்கிலம் வராது. பையன் எதைக் கேட்பதானாலும் மாங்ஸில்தான் கேட்க வேண்டும். பதின்மூன்று வயதில் மீன்பிடிப் படகில் சமையல் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கிருந்த மூத்த மீனவர்களும் மாங்ஸ் பேசினார்கள், மொழி கூடவே வந்தது. இருவரும் நடுத் தலைமுறையைத் தாண்டிக் கிழவர்களிடமிருந்து நேரே மொழியை வாங்கினார்கள். பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைக்குத்தான் பழஞ்சொற்கள் தெரியும் என்பது நம் வீடுகளிலும் காண்பதுதானே.

இதுவரை இருவர் கதையும் ஒன்றுபோலவே போகிறது. வேறுபாடு, அவர்களைத் தேடி வந்தவர்களிடம் தொடங்குகிறது.

எசென்ச்சைத் தேடி வந்தவர்கள் மேதைகள். ஜார்ஜ் துமெசில் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இலிருந்து ஆறு ஆண்டுகள் இஸ்தான்புல்லில் பேராசிரியராக இருந்தபோது உபிக் பக்கம் திரும்பினார். 1931இல் அதைப் பற்றி அவருடைய முதல் நூல் வந்தது. பின்னாளில் எசென்ச் அவருக்குக் கிடைத்தார். ஊரில் தலைவராகவும் பின்பு இஸ்தான்புல்லில் அரசுப் பணியிலும் இருந்த மனிதர். நல்ல நினைவாற்றல், ஒரு சொல்லை எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் சொல்லும் பொறுமை, தன் மொழியில் எது சரி எது பிழை என்று பிரித்துக்காட்டும் கூர்மை. 1975இல் உபிக் வினையைப் பற்றி துமெசில் எழுதிய நூலின் முகப்பில் எசென்ச்சின் பெயரும் இருக்கிறது. நார்வேக்காரர் ஹான்ஸ் ஃபோக்ட் 1963இல் ஆஸ்லோவில் உபிக் அகராதி வெளியிட்டார். பாரிஸில் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. 84 மெய்யும் ஒன்றுகூடத் தவறாமல் ஏட்டில் ஏறிவிட்டன. சாகும் மொழிக்கு இவ்வளவு நேர்த்தியான கவனம் கிடைப்பது அரிது. அந்த உழைப்பை நான் கும்பிடுகிறேன். அது இல்லாவிட்டால் உபிக்கின் இத்தனை ஒலிகளும் உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கும்.

மேன் தீவுக்கும் அறிஞர்கள் வந்தார்கள். அங்கேயும் ஆஸ்லோவிலிருந்து ஒருவர், கார்ல் மார்ஸ்ட்ராண்டர். 1929க்கும் 1933க்கும் இடையே வந்து மெழுகு உருளைகளில் குரல்களைப் பதிந்துகொண்டு போனார். ஆனால் அங்கே வேறு வகை ஆட்களும் வந்தார்கள். 1899இலேயே தீவில் மாங்ஸ் மொழிச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. அதைச் சேர்ந்த இளைஞர்கள், பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு நாள்களில் ஒவ்வொரு கிழவர் வீடாகப் போய் அடுப்பருகே உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஒலியனும் உருபனும் பொருட்டில்லை. தாங்கள் பேசிப் பழக வேண்டும், பிழையைக் கிழவர் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.

1947இல் அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா தீவுக்கு வந்து மட்ரலைச் சந்தித்தார். இந்தக் குரல்களைப் பதிவுசெய்ய உள்ளூரில் வசதி இல்லை என்று அவருக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டு அயர்லாந்து நாட்டாரியல் ஆணையத்தின் வேன், ஒலித்தட்டு வெட்டும் கருவியோடு கடல் தாண்டி வந்தது. கெவின் டானஹர் என்பவர் ஊர் ஊராக அதை ஓட்டிச்சென்று, மட்ரலிடமும் முதிர்ந்த கொல்லர் ஒருவரிடமும் இன்னும் சிலரிடமும் பேச்சுகளைத் தட்டில் வெட்டிக்கொண்டார். அண்டை நாடு செய்ததைப் பார்த்த சங்கத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் தாங்களே பளுவான கருவி ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் பதிவுகளில் ஒரு தனித்தன்மை உண்டு. கேட்பவரும் மாங்ஸில் கேட்கிறார், சொல்பவரும் மாங்ஸில் சொல்கிறார். கேட்பவர் தட்டுத்தடுமாறும் இடங்களும் உண்டு. ஆய்வாளருக்கு அந்தத் தடுமாற்றம் குறை. எனக்கு அதுதான் அந்தத் தட்டுகளிலேயே விலைமதிப்பற்றது. ஒரு மொழி கைமாறும் ஓசை அது.

இந்த வேறுபாட்டை அறிஞர்களின் குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. துமெசில் உபிக்கைக் கற்றார், ஆனால் அவர் உபிக் இல்லை. அந்த மொழியில் பெண்ணுக்குத் தாலாட்டுப் பாடவோ சந்தையில் பேரம் பேசவோ அவருக்கு இடமே இல்லை. கற்க வேண்டிய உபிக் இளைஞனுக்கோ அப்படிக் கற்பதற்கான ஊரும் இல்லை, சங்கமும் இல்லை. மேன் தீவு இளைஞனுக்கு எல்லாம் காலடியில் இருந்தது. ஊர்ப்பெயர்கள் பலவும் மாங்ஸ். 1770களிலேயே முழு பைபிளும் மாங்ஸில் அச்சாகியிருந்தது. தீவுக்கென்று டின்வால்ட் என்ற பழம்பெரும் நாடாளுமன்றம். ஆண்டுதோறும் வழக்கமாக ஜூலை 5 அன்று, புல் மூடிய ஒரு படிமேட்டில் மக்கள் கூடி நிற்க, அந்த ஆண்டின் சட்டங்களை ஆங்கிலத்திலும் மாங்ஸிலும் அறிவிப்பார்கள். கூட்டத்தில் ஒருவருக்கும் புரியாத ஆண்டுகளும் இருந்திருக்கலாம். ஆனாலும் அரசின் வாயிலிருந்து அந்த மொழி ஆண்டுக்கொரு முறையாவது வெளியே வந்தது. உபிக்குக்கு அப்படி ஒரு மேடும் இல்லை, நாளும் இல்லை.

இங்கே நீலகிரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எமனோ என்ற கனடிய அறிஞர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் கேட்டு எழுதினார். தோடர் பாடல்களின் பெருந்தொகுதி 1971இல் வந்தது. இரண்டுமே தமிழின் உடன்பிறப்புகள். இரண்டுமே யுனெஸ்கோ வரைபடத்தில் மிகக் கடும் ஆபத்து என்ற படியில் இருக்கின்றன. உதகைக்கு ஆண்டுதோறும் போய்வரும் நாம், நம் திராவிட மொழிக் குடும்பத்தின் இந்த இரண்டு மொழிகளிலும் ஒரு வணக்கம் சொல்லக் கற்றிருக்கிறோமா? எனக்குத் தெரியாது என்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மாங்ஸுக்குத் திரும்புவோம். அடுப்பருகே கற்ற அந்த இளைஞர்களில் டக் ஃபார்கர் 1979இல் ஆங்கிலம்-மாங்ஸ் அகராதி வெளியிட்டார். அவர் 1950களில் செய்தித்தாளில் எழுதிய ஒன்றைப் படித்துவிட்டு மொழிக்குள் வந்த பள்ளிச் சிறுவன் பிரையன் ஸ்டோவெல். பின்னாளில் இயற்பியல் படித்தார், லிவர்பூலில் வேலை பார்த்தார், 1990களின் தொடக்கத்தில் தீவுப் பள்ளிகளில் மாங்ஸ் பாடம் வந்தபோது அதற்கான அரசு அலுவலரானார். 1996இல் மாங்ஸ் மழலையர் அமைப்பு ஒன்று தோன்றியது. அங்கே விளையாடிய பிள்ளைகளின் பெற்றோர் அதோடு நிற்கவில்லை, தொடக்கப்பள்ளி வேண்டும் என்று கேட்டார்கள். 2001இல் அதுவும் வந்தது. எல்லாப் பாடமும் மாங்ஸில். 2006இல் ஸ்டோவெல் மாங்ஸின் முதல் முழுநீள நாவலை வெளியிட்டார். ரத்தம் குடிக்கும் பேய்க் கொலைகளைப் பற்றிய கதை! பேய்க்கதை எழுதத் துணிந்துவிட்ட மொழி வெறும் அருங்காட்சியகப் பொருளாக இருக்காது என்பது என் எண்ணம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இன்றைய மாங்ஸ், மட்ரல் பேசிய மாங்ஸ் இல்லை. புதுச்சொற்கள் பலவும் உறவு மொழிகளான ஐரிஷிலிருந்தும் ஸ்காட்லாந்து கேலிக்கிலிருந்தும் வந்தவை. வாக்கிய ஓட்டத்தில் ஆங்கிலம் நெளிகிறது. உச்சரிப்பில் தேய்மானம் உண்டு. பிள்ளைகள் பள்ளி வாசலைத் தாண்டினால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். வீட்டில் அம்மாவும் அப்பாவும் மாங்ஸ் பேசி வளர்க்கும் குழந்தைகளை எளிதாக எண்ணிவிடலாம். துல்லியம் என்று பார்த்தால், பாரிஸ் ஒலிநாடாவில் இருக்கும் உபிக், மேன் தீவு வகுப்பறையில் இருக்கும் மாங்ஸைவிடத் தூய்மையானது. தூய்மையான நாடாவையா, பிழையோடு பேசும் பிள்ளையையா, எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று என்னைக் கேட்டால் ஒரு நொடியும் யோசிக்க மாட்டேன். பிள்ளையின் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். அதற்குத்தான் மட்ரலின் ஒலித்தட்டு இருக்கிறது. ஆவணத்தின் பயன் அங்கேதான் முழுமையாகிறது. கேட்டுத் திருத்திக்கொள்ள ஒரு வாய் இருக்க வேண்டும்.

2009இல் அழிந்துவிட்டது என்ற அறிவிப்பைப் பார்த்ததும் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் யுனெஸ்கோவுக்குக் கடிதம் எழுதினார்கள். எழுதியது மாங்ஸில். எங்கள் மொழி அழிந்துவிட்டது என்றால் இந்தக் கடிதத்தை எந்த மொழியில் எழுதுகிறோம் என்று கேட்டார்கள். யுனெஸ்கோ குறிப்பை மாற்றியது. மாங்ஸ் 'மிகக் கடும் ஆபத்தில் உள்ளது' என்ற படிக்கு ஏறியது. ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லப்பட்டதே நற்செய்தியானது வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை. அளவுகோலில் இருந்த ஓட்டையையும் அந்தக் கடிதம் காட்டிக்கொடுத்தது. வீட்டுமொழியாகக் கற்ற கடைசி ஆள் யார் என்று பார்த்து ஆண்டைக் குறிக்கும்போது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்தவர்கள் கணக்கில் வராமல் போய்விடுகிறார்கள்.

எசென்ச்சின் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. உபிக் என்ற மொழியைப் பேச முடிந்த கடைசி மனிதர் இங்கே கிடக்கிறார் என்று தன் கல்லறையில் எழுத வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது அவருக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தது.

அவர் குரலில் பதிவான ஒரு குட்டிக்கதை இருக்கிறது. இரண்டு பேர் பயணம் கிளம்புகிறார்கள். ஒருவன் வழிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொள்கிறான், மற்றவன் ரொட்டியும் மீனும். போகும்போது முதலாமவன் கேட்கிறான், உங்கள் ஆட்கள் எதற்கு இவ்வளவு மீன் தின்கிறீர்கள்? மீன் தின்றால் புத்தி வளரும், அதனால்தான் என்கிறான் மற்றவன். வழியில் இருவர் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் சீண்டும் கதை. நம் ஊர்த் திண்ணையிலும் எடுபடும். எசென்ச்சுக்கு மூன்று மகன்கள். அப்பாவோடு உபிக்கில் உரையாட அவர்களால் முடியாது. இந்தக் கதைக்கு அவர்கள் சிரிக்க வேண்டுமானால் அவர் அதைத் துருக்கியத்தில்தான் சொல்ல வேண்டும்.